பதறாத உடம்பு சிதறாது

மெல்ல அசைந்து ஆழ மூச்சு விடும் தாய்ச்சிப் பயிற்சி

பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் விடியற்காலையில் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். 1884-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரப் பூங்காவில் வயதான சீனர்கள் கூட்டமாக நிற்பார்கள். அவர்களுடைய கைகள் தண்ணீருக்குள் அசைவது போல மெல்ல எழும், மெல்ல இறங்கும். ஒரு காலில் இருந்து மறு காலுக்கு உடம்பின் பாரம் நகரும். யாரும் பேச மாட்டார்கள். யாருக்கும் மூச்சு இரைக்காது. அதுதான் தாய்ச்சி.

"இது என்ன பயிற்சி? வியர்வைகூட வரவில்லையே! வேலையில்லாத கிழவர்கள் பொழுது போக்குகிறார்கள்" என்று நம்மவர்களில் பலர் சிரித்துக்கொண்டே கடந்து போவதுண்டு. தோட்டத்தில் பாடுபட்ட நமக்கு வியர்வை வராத எதுவும் உழைப்பாகத் தெரிவதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் கைத்தடி இல்லாமல் நிற்கிறார்களே, அது எப்படி என்று என்றாவது யோசித்திருக்கிறோமா? யோசிக்க வேண்டிய தேவை நமக்குத்தான் அதிகம்.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

கெப்பாலா பத்தாஸ் வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் தோட்டங்கள்தாம். செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புக்காகக் காடு வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வீடுகள் எழுந்துவிட்டன. பயிர் மாறினாலும் பாடு மாறவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்த மண்ணில் உழைத்த பெரியவர்கள் இன்று ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள்.

"நான் உழைக்காத உழைப்பா? எனக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?" என்று அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த உழைப்பு உடம்பை எப்படி வேலை வாங்கியது என்று சற்றுப் பாருங்கள்.

பால்வெட்டுக்காரர் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே கையில் உளி பிடித்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்தார். வெட்டு கீழே இறங்க இறங்கக் குனிவும் கூடியது. பிறகு காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு வாளிப் பாலைத் தூக்கி நடந்தார். செம்பனைக் குலை வெட்டியவர் நாள் முழுவதும் கழுத்தை அண்ணாந்து நீண்ட கம்பு பிடித்தார். இருபது கிலோ எடையுள்ள குலைகளைத் தூக்கினார். எல்லாம் அவசரத்தில். வெயில் ஏறுமுன் நெரையை முடிக்க வேண்டும். பால் உறையுமுன் ஸ்டோருக்குப் போக வேண்டும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவதே பழக்கமாகிவிட்டது.

அப்படிப்பட்ட உழைப்பு சில தசைகளை முறுக்கேற்றியது. சில மூட்டுகளைத் தேய்த்தது. இடுப்பும் முழங்காலும் தோளும் அதற்கான விலையைக் கொடுத்தன. ஓய்வு பெற்ற பிறகோ, அத்தனை ஆண்டு ஓடிய உடம்பு திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. வலிக்கிறது என்று நடப்பதில்லை. நடக்காததால் தொடைத் தசை சுருங்குகிறது. தசை சுருங்குவதால் மூட்டுக்குப் பாரம் கூடி மேலும் வலிக்கிறது. இந்த வட்டத்தை உடைப்பது எப்படி? ஓடச் சொன்னால் ஓட முடியாது. பாரம் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. தேய்ந்துபோன உடம்புக்கு ஏற்ற பயிற்சி மெதுவானதாக, இரு பக்கத்தையும் சமமாக இயக்குவதாக, மூச்சை அடக்காததாக இருக்க வேண்டும். தாய்ச்சி அப்படிப்பட்டது.

சண்டையில் பிறந்த சாந்தம்

தாய்ச்சியின் முழுப்பெயர் தாய்ஜிச்சுவான். கடைசிப் பகுதியான சுவான் என்பதற்கு 'முட்டிக் கை' என்று பொருள். ஆம், இது சண்டைக் கலையாகத்தான் பிறந்தது. சீனாவின் ஹெனான் மாநிலத்தில், சென் குடும்பத்தார் வாழ்ந்த ஒரு கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது உருவானதாகக் கொள்ளப்படுகிறது. அங்கே கற்றுக்கொண்ட யாங் லூசான் என்பவர் (1799-1872) பெய்ஜிங் நகரில் அதைக் கற்றுக்கொடுத்தார். யாங் முறை பரவியபோது வேகமும் குத்தும் குறைந்து, நிதானம் முன்னே வந்தது. நம்முடைய சிலம்பத்தில் கம்பைவிடக் காலடி வைப்புத்தான் முக்கியம் என்று ஆசான்கள் சொல்வார்கள் அல்லவா? தாய்ச்சியிலும் அதே கதைதான். கை அழகுக்கு அசைவது போலத் தெரியும். உண்மையான வேலை காலில் நடக்கிறது.

1956-ஆம் ஆண்டில் சீன அரசாங்கத்தின் விளையாட்டுத் துறை, நூற்றுக்கு மேற்பட்ட அசைவுகள் கொண்ட பழைய வரிசையைச் சுருக்கி, சாதாரண மக்கள் கற்கும்படி 24 அசைவுகள் கொண்ட எளிய முறையை வெளியிட்டது. அதைச் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடமே போதும். இன்று உலகெங்கும் பலர் கற்பது அதைத்தான். 2020-இல் யுனெஸ்கோ நிறுவனம் தாய்ஜிச்சுவானை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் இது பரவ, சரவாக்கின் கூச்சிங் நகரில் குடியேறிக் கற்றுக்கொடுத்த ஹுவாங் செங் சியான் (1910-1992) போன்ற ஆசிரியர்கள் காரணமாக இருந்தார்கள்.

இதில் கும்பிட வேண்டிய சாமி கிடையாது. ஓத வேண்டிய மந்திரமும் கிடையாது. எந்தச் சமயத்தவரும் செய்யலாம். மூச்சை ஆளும் வித்தை நமக்குப் புதிதும் அல்ல. திருமூலர் திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கென்றே பாடல்கள் உண்டு. சித்தர்கள் வளர்த்த அந்த வித்தை நம் வீடுகளில் பெயரளவில் நின்றுவிட்டது. சீனர்கள் தங்கள் வித்தையைத் திடலுக்குக் கொண்டுவந்து கூட்டமாகச் செய்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

மூச்சின் கணக்கு

'மெதுவாக' என்பதும் 'ஆழ்ந்த மூச்சு' என்பதும் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் மூச்சுக் குழாயிலுமே தங்கித் திரும்பிவிடும். மீதி 350 மில்லிலிட்டர்தான் நுரையீரலின் ஆழத்துக்குப் போய் இரத்தத்தில் பிராணவாயுவைச் சேர்க்கும். நீண்ட ரப்பர்க் குழாயில் தண்ணீர் விடுவது போலத்தான் இது. ஒவ்வொரு முறையும் குழாய் நிறைந்த பிறகே வாளிக்குத் தண்ணீர் வரும். மேலோட்டமாக வேகமாக மூச்சு விட்டால் குழாய் நிறைவதோடு சரி. ஒரு லிட்டர் காற்றை ஆழமாக இழுத்தால் 850 மில்லிலிட்டர் வேலைக்கு வரும். மூச்சின் எண்ணிக்கை குறைந்தாலும் பயன் குறைவதில்லை.

இரண்டாவது காரணம் இதயம். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு வேலை செய்து இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வரும்போது, இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் இயல்பான ஏற்பாடு நன்றாக இயங்குகிறது. 2001-இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் சுவையான செய்தி ஒன்று உண்டு. கத்தோலிக்கர்கள் செபமாலை சொல்லும்போதும், யோக மந்திரம் ஒன்றை ஓதும்போதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குகிறதாம். வழிபாட்டில் மனம் அமைதியடைவதற்கு மூச்சும் ஒரு காரணம் என்று இதிலிருந்து தெரிகிறது.

தாய்ச்சியில் கை மேலே எழும்போது மூச்சு உள்ளே வரும். கை இறங்கும்போது மூச்சு வெளியே போகும். கையை மெதுவாக்கினால் மூச்சும் தானாகவே மெதுவாகும்.

பதற்றமில்லாமல் அசைவதற்கு மூன்றாவது பயன் ஒன்றும் இருக்கிறது. வேகமாக நடக்கும்போது ஒரு காலில் நாம் நிற்பது கண்ணிமைக்கும் நேரம்தான். தாய்ச்சியில் உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரு காலில் நாலைந்து நொடி தாங்குகிறோம். அப்போது கணுக்காலும் தொடையும் உறுதிப்படுகின்றன. பாதம் தரையை உணரப் பழகுகிறது.

விழுவது சின்ன விஷயமா?

இராத்திரியில் குளியலறைக்குப் போனவர் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது, அதோடு படுக்கையில் விழுந்தவர் எழவேயில்லை என்ற பேச்சை நம் ஊர்களில் எத்தனை துக்க வீடுகளில் கேட்டிருக்கிறோம்! வயதானால் பாதத்தின் உணர்ச்சி குறையும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நரம்பு கெட்டு உணர்ச்சி இன்னும் குறையும். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது முப்பது விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. ஆகவே விழும் ஆபத்தும் நமக்கு அதிகம்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எழுபது வயதைத் தாண்டிய 200 பேரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1996-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு, 108 அசைவுகளைப் பத்தாகச் சுருக்கி 15 வாரம் தாய்ச்சி கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிரிவினரிடம் திரும்பத் திரும்ப விழும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாக, அதாவது 47.5 விழுக்காடு குறைந்தது. 2018-இல் ஓரிகன் மாநிலத்தில் 670 முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. உடம்பை நீட்டி வளைக்கும் சாதாரணப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால், சமநிலைக்கென்று அமைத்த தாய்ச்சியைச் செய்தவர்களிடம் விழுவது 58 விழுக்காடு குறைந்திருந்தது.

முழங்கால் வலிக்காரர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. 2016-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மூட்டுத் தேய்மானமுள்ள 204 பேரில் ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறை, 12 வாரம் தாய்ச்சி கற்றுக்கொடுத்தார்கள். மறு பிரிவினருக்கு மருத்துவமனைகளில் வழக்கமாகத் தரும் பிசியோதெரபி. இரண்டிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. தாய்ச்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்திருந்தது.

இரத்தக் கொதிப்பு? நோயாக முற்றாமல் எல்லையில் நின்ற 342 பேரைச் சீனாவில் ஓராண்டு கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். தாய்ச்சி செய்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. வேகநடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்தவர்களுக்கு 4.6 புள்ளி குறைந்தது. மெதுவானது வேகமானதைவிட ஒரு படி முன்னே நின்றது! ஆனால் அவர்கள் வாரத்துக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒரு நாள் செய்துவிட்டு இரத்தம் சோதிக்க ஓடினால் பலன் தெரியாது.

நம் ஊர் மருத்துவமனை காட்டிய வழி

பழைய வைத்தியமும் புதிய வைத்தியமும் கீரியும் பாம்பும் அல்ல. அதற்குச் சாட்சி கெப்பாலா பத்தாஸிலேயே இருக்கிறது. 2007-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு, நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளிலேயே முதன்முறையாகப் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு ஒன்றைக் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில்தான் தொடங்கியது. மலாய் முறை உருவிவிடுதல், அக்குபங்சர், புற்றுநோயாளிகளுக்குத் துணையாக மூலிகை மருத்துவம் ஆகியவை அங்கே இடம்பெற்றன. 2016-இல் இத்தகைய வைத்தியங்களை ஒழுங்குபடுத்தச் சட்டமும் வந்தது.

அந்தப் பிரிவு தாய்ச்சிக்காகத் தொடங்கப்பட்டதல்ல. ஆனாலும் அதன் பெயரில் உள்ள 'துணை' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். உருவிவிட்டாலும், ஊசி குத்தினாலும், டாக்டர் கொடுத்த சிகிச்சை நிற்பதில்லை. தாய்ச்சியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அது மாத்திரைக்குத் துணை; மாற்று அல்ல. "தாய்ச்சி செய்கிறேன், இனி மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். அழுத்தம் உண்மையிலேயே குறைந்தால், மாத்திரையைக் குறைப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வீட்டிலேயே தொடங்கலாம்

முழு வரிசையையும் ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும். ஆனால் அடிப்படையான நான்கை இன்றே பழகலாம். சமதரை, தட்டையான காலணி, தளர்ந்த உடை போதும். ஈரத் தரையிலும் ரப்பர்ச் சிலிப்பரோடும் செய்யாதீர்கள். சமநிலை குறைந்தவர்கள் கனமான நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயிற்று மூச்சு. தொட்டிலில் தூங்கும் குழந்தையைக் கவனியுங்கள். நெஞ்சு அசையாது, வயிறுதான் ஏறி இறங்கும். நாம் மறந்துபோன மூச்சு அதுதான். ஒரு கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, மூக்கால் மூச்சை இழுக்க வயிறு கையைத் தள்ள வேண்டும். விடும்போது உள்ளே போக வேண்டும். இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருக்கட்டும். இடையில் மூச்சை அடக்க வேண்டாம்.

இரண்டாவது, நிற்கும் நிலை. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்றே மடக்குங்கள். முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னே போகக் கூடாது. முதுகு நேராக, தோள் தளர்வாக, பார்வை எதிரே இருக்கட்டும்.

மூன்றாவது, கை எழுப்புதல். மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் முன்புறமாகத் தோள் உயரத்துக்கு எழுப்புங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள். மணிக்கட்டில் நூல் கட்டி யாரோ மெல்லத் தூக்குவது போல எண்ணிக்கொள்ளுங்கள். எட்டு முறை செய்யலாம்.

நான்காவது, பாரம் மாற்றுதல். அதே நிலையில் நின்று, உடம்பின் பாரத்தை மெல்ல வலக்காலுக்குக் கொண்டுபோங்கள். இடக்கால் வெறுமையானதை உணர்ந்த பிறகு திரும்பி இடக்காலுக்கு வாருங்கள். ஒரு பக்கம் போக ஒரு மூச்சு. பழகிய பிறகு, பாரம் போகும் பக்கமாக ஒரு கை முகத்துக்கு முன்னால் மேகம்போல நகரட்டும். சீனர்கள் இதை 'மேகக் கை' என்றே அழைக்கிறார்கள்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். ஒரு மாதத்தில் இருபது நிமிடமாக்குங்கள். பசியாறுவதற்கு முன்போ, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகோ செய்யலாம். இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். பயிற்சி முடிந்ததும் பாதத்தில் புண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில எச்சரிக்கைகள். தலை சுற்றினால், மூச்சை வேகமாக விடுவது காரணமாக இருக்கலாம், நிறுத்தி உட்காருங்கள். நெஞ்சு வலித்தாலோ, கை மரத்தாலோ பயிற்சியை விட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும், இதய நோயாளிகளும், எலும்பு மெலிந்தவர்களும் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. முழங்கால் வலித்தால் இன்னும் குறைவாக மடக்குங்கள். நிற்கவே முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையையும் மூச்சையும் மட்டும் பழகலாம். அதற்கும் பலன் உண்டு.

கூடிச் செய்தால் கைகூடும்

தனியாகத் தொடங்கும் பயிற்சி மூன்றாம் நாள் நின்றுவிடும். கூட்டாளி இருந்தால் நிற்காது. தோட்டத்தில் பிரட்டுக்கு மணி அடித்தால் ஊரே எழுந்து நின்ற காலம் நமக்குத் தெரியும். அந்த ஒழுங்கை நம் நலத்துக்காகத் திருப்பிக்கொள்ளலாமே! கோயில் மண்டபத்திலோ, தாமான் திடலிலோ வாரத்தில் மூன்று காலை, நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். பக்கத்துத் தாமானில் தாய்ச்சி செய்யும் சீன அண்டை வீட்டாரிடம் போய், "எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாதந்தோறும் மருந்து வாங்கிக் கொடுக்கிறீர்கள், அது கடமை. அதோடு வாரத்தில் ஒரு நாளாவது அவர்களோடு நின்று கை எழுப்பி மூச்சு விடுங்கள். உங்கள் மூட்டுகளும் நாளைக்கு உங்களைக் கேள்வி கேட்கத்தான் போகின்றன.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். நம் பெற்றோருடைய உடம்பு அடுத்தவருக்காக நாற்பது ஆண்டு பதறிப் பதறி ஓடிய உடம்பு. இனி அது தனக்காக ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் மெதுவாக அசையட்டும். அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளையும் ஏற முடியாமல் போகலாம். பரவாயில்லை. இராத்திரியில் குளியலறைக்குப் பிடிமானம் இல்லாமல் போய்வர முடிந்தால், காலையில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரை கைபிடித்துக் கூட்டிப்போக முடிந்தால், அதுவே பெரிய பலன்.